குதிரை போன வழியே காய்ச்சலும்

2023 செப்டம்பர் 26. சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், டிரெஸ்ஸாஜ் குழுப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம். சவாரி செய்பவரின் லேசான சைகைக்குக் குதிரை அளந்து அளந்து அடி வைக்கும் போட்டி அது. குதிரையேற்றத்தில் நாம் தங்கம் பார்த்து 41 ஆண்டுகள் ஆகியிருந்ததால், நான்கு வீரர்களையும் நாடே கொண்டாடியது. அவர்களைச் சுமந்த குதிரைகளைப் பற்றித்தான் யாரும் அதிகம் கேட்கவில்லை. அவை இந்தியாவிலிருந்து புறப்பட்டவை அல்ல. ஐரோப்பிய லாயங்களில் இருந்து, அங்கேயே பழகி, அங்கிருந்தே சீனாவுக்குப் போனவை. வீரர்களும் அதற்காகவே ஆண்டுக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கினார்கள். வீரருக்கு விசா கிடைக்கும். அன்று மீரட்டிலோ புனேயிலோ நின்ற குதிரைக்குக் கிடைக்காது.

காரணம் நோய். பிற நாட்டுக் குதிரையை உள்ளே விடும் முன், அந்த நாட்டில் என்னென்ன நோய் நடமாடுகிறது என்று எல்லா அரசுகளும் துருவித் துருவிக் கேட்கும். 2025 ஜூலை 3 அன்றுதான் மீரட் ராணுவக் குடியிருப்பிலுள்ள ரிமவுண்ட் கால்நடைப் படையின் மையத்தை, 'குதிரை நோயற்ற வளாகம்' என்று உலக விலங்குநல அமைப்பு ஏற்றுக்கொண்டது. நாட்டுக்கே நற்சான்று கிடைக்காத நிலையில், வேலி போட்ட ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும் வாங்கிய சான்று அது. அங்கே இருக்கக் கூடாதவை என்று ஐந்து நோய்களைக் குறித்திருக்கிறார்கள். கிளாண்டர்ஸ் பாக்டீரியாவால் வருவது. சர்ராவும் பைரோபிளாஸ்மோசிஸும் ரத்த ஒட்டுண்ணிகளால் வருபவை. மீதமுள்ள இரண்டும் வைரஸ்: குதிரை இன்ஃப்ளூயன்சா, குதிரைத் தொற்று ரத்தசோகை. ஆறாவதாக இன்னொன்று இருக்கிறது, ஆப்பிரிக்கக் குதிரை நோய். அது இல்லாத நாடு என்ற தகுதி 2014 முதல் இந்தியாவுக்கு உண்டு.

குதிரையின் வைரஸ் நோய்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, கால்நடை மருத்துவத்தைவிடப் போக்குவரத்து வரலாற்றைப் படிப்பதுபோல இருக்கிறது. ரயில், கப்பல், விமானம், யாத்திரைப் பாதை, சந்தை. குதிரையை மனிதன் எதில் ஏற்றினானோ, வைரஸும் அதில் ஏறியிருக்கிறது.

கண்டத்தையே நிறுத்திய இருமல்

1872 செப்டம்பர் கடைசியில் கனடாவின் டொராண்டோவை ஒட்டிய கிராமங்களில் குதிரைகள் இருமத் தொடங்கின. மூக்கில் சளி, காய்ச்சல், தலையைத் தொங்கவிட்டு நிற்பது. சில நாட்களில் டொராண்டோ நகரத்து டிராம் குதிரைகள் விழுந்தன. அக்டோபர் முடிவதற்குள் நியூயார்க்கும் பாஸ்டனும் படுத்துவிட்டன. அடுத்த ஆண்டுக்குள் அமெரிக்காவின் மேற்குக் கரை, கியூபா, மெக்சிகோ என்று கண்டம் முழுவதையும் காய்ச்சல் சுற்றி வந்தது.

அன்றைய நகரம் குதிரையின் முதுகில் நின்றது. ரயில் ஊருக்கு ஊர் சரக்கைக் கொண்டுவந்து போடும். நிலையத்திலிருந்து கடைக்குக் கொண்டுபோக வண்டிக் குதிரை வேண்டும். பால், நிலக்கரி, குப்பை, சவ ஊர்வலம் எல்லாமே அதன் இழுப்பில்தான். துறைமுகங்களில் மூட்டைகள் மலையாகக் குவிந்தன. எருதுகளைத் தேடிப் பிடித்து நகர வீதிகளில் பூட்டினார்கள். ஆட்களே வண்டி இழுத்தார்கள். நியூயார்க்கில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க், நோயுற்ற குதிரையை டிராமில் பூட்டியவர்களை நடுத்தெருவில் மறித்துச் சண்டை போட்டார். நகரத்துக்காரர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள். மருத்துவப்படி பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

நவம்பர் 9 இரவு பாஸ்டன் தீப்பிடித்தது. தீயணைப்பு எந்திரங்களை இழுக்கும் குதிரைகள் லாயத்தில் இருமிக்கொண்டிருக்க, மனிதர்கள் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். 776 கட்டடங்கள் எரிந்தன. குதிரைக் காய்ச்சல்தான் பாஸ்டனை எரித்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது மிகை. எந்திரம் வந்து சேர்ந்ததில் தாமதம் சில நிமிடங்கள்தான் என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. குறுகலான தெருக்களும் மரக்கூரைகளும் குழாயில் தண்ணீர் போதாததும்தான் பெரிய காரணங்கள். நல்ல கதை என்பதற்காக வைரஸின் தலையில் எல்லாப் பழியையும் கட்ட வேண்டியதில்லை.

இந்தக் கொள்ளைநோயில் என்னைக் கவர்ந்தவர் அடோனிரம் ஜட்சன் என்ற மருத்துவர். நோய் எந்த ஊரில் எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஊர் ஊராக விவரம் திரட்டி வரிசைப்படுத்தினார். கெட்ட காற்று, மூடுபனி, மின்சாரம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. காற்றில் வந்த நோயாக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். ஜட்சனின் தேதிகளோ போக்குவரத்துப் பாதைகளின் வழியே நடந்தன. பெரிய சந்திப்பு ஊர்களில் முதலில், ஒதுங்கிய கிராமங்களில் கடைசியில். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், குதிரை போகும் வழியேதான் நோய் போகிறது என்பதைத் தேதிகளைக் கொண்டே அவர் காட்டிவிட்டார்.

அது குதிரை இன்ஃப்ளூயன்சா என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் துணிபு. அந்த வைரஸ் இனத்தை ஆய்வகத்தில் பிரித்தெடுக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது பிராக் நகரில் கிடைத்தது எச்7என்7 வகை. அது 1970-களின் இறுதிக்குப் பிறகு எங்கும் அகப்படவில்லை. 1963-இல் மயாமியில் கிடைத்த எச்3என்8 வகைதான் இன்று வரை உலகெங்கும் சுற்றுகிறது. 2004-இல் அது ஃபுளோரிடாவின் பந்தய நாய்களுக்கும் தாவியது.

தொற்றிய ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். பிறகு வறட்டு இருமல். ஒரு குதிரை இருமினால் நுண்துளிகள் முப்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் குதிரையையும் எட்டும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் உண்டு. இந்த வைரஸ் அவற்றைச் சுத்தமாக வழித்தெடுத்துவிடும். அவை மறுபடி முளைக்க மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் பாக்டீரியா இறங்கினால் நிமோனியாதான். காய்ச்சல் விட்டது, தீனி தின்கிறது என்று அவசரப்பட்டுச் சேணம் கட்டுபவர்கள் குதிரையை இழப்பது இந்த இடத்தில்தான். காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. நான்கு நாள் காய்ச்சல் என்றால் ஒரு மாதம். இன்ஃப்ளூயன்சா நேரடியாகக் கொல்லும் குதிரைகள் குறைவு. ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கிக் கொல்லப்படுபவை அதிகம். ஹென்றி பெர்க் டிராமை மறித்தது இதற்காகத்தான் என்று அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது.

தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பயனும் உண்டு. ஆனால் ஊசி போட்ட குதிரைக்கு நோய் லேசாக வந்துவிட்டுப் போகும். இருமலே தெரியாமல் வைரஸை மட்டும் வெளியே விடும். 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு நடந்தது அதுதான். அதுவரை இந்த நோயே நுழையாத நாடு அது. வடக்கே இனவிருத்திக் காலம் முடிந்ததும் விலை உயர்ந்த பொலிகுதிரைகள் விமானத்தில் தெற்கே பறப்பது வழக்கம். அந்த மாதம் ஜப்பானில் காய்ச்சல் பரவி, அங்கே பந்தயங்களே ரத்தாகின. அங்கிருந்து வந்த பொலிகுதிரைகள் சிட்னியின் ஈஸ்டர்ன் கிரீக் தனிமைப்படுத்தல் நிலையத்தில் இறங்கின. ஆகஸ்ட் 24-இல் நகரின் நடுவே சென்டெனியல் பூங்கா லாயத்தில் சவாரிக் குதிரைகளுக்கு நோய் இருப்பது தெரியவந்தது. நிலையத்துக்கும் பூங்காவுக்கும் இடையே எந்தக் குதிரையும் போய்வரவில்லை.

அப்படியானால் எது போனது? முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி இயன் கலினன் தலைமையில் விசாரணை நடந்தது. யாரோ ஒருவரின் உடையிலோ கையிலோ கருவியிலோ ஒட்டிக்கொண்டு வைரஸ் வெளியேறியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. உள்ளே போய்வருபவர்கள் குளித்து உடை மாற்ற வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் யாரும் கேட்கவில்லை. நாடு முழுவதும் குதிரைகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. சிட்னியின் வசந்தகாலப் பந்தயங்கள் நடக்கவில்லை. ஏறத்தாழ 70,000 குதிரைகளுக்கு நோய் கண்ட பிறகு, அந்த ஆண்டு இறுதியில் அது அடங்கியது. நோய் புகுந்த பிறகு அதை அடியோடு துடைத்தெறிந்த நாடுகள் மிகக் குறைவு. நடமாட்டத் தடை, தடுப்பூசி, பரிசோதனை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கண்டிப்பாகச் செய்ததால் ஆஸ்திரேலியா அதைச் சாதித்தது. வேலை இழந்தவர்களுக்கு அரசு பணமும் கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தி நேரத்துப் பூச்சி

இன்ஃப்ளூயன்சா குதிரையைப் படுக்கவைக்கும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் கொல்லும். கடுமையான வடிவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாகும். நுரையீரலில் நீர் கோத்து, மூக்கிலிருந்து வெள்ளை நுரை பொங்கி, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். காலையில் நன்றாகத் தின்ற குதிரை மாலையில் இல்லை. இன்னொரு வடிவத்தில் கண்ணுக்கு மேலுள்ள குழிகள் வீங்கிப் புடைக்கும். அதை ஒருமுறை பார்த்த கால்நடை மருத்துவர் மறக்கமாட்டார்.

குதிரைக்குக் குதிரை இது ஒட்டாது. கொசுவைவிடச் சிறிய, கூலிகாய்ட்ஸ் என்ற கடிக்கும் பூச்சி வேண்டும். தமிழ்நாட்டில் செம்மறியாடு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பூச்சியைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மந்தையை வாரிச் சுருட்டும் நீலநாக்கு நோயைக் கொண்டுவருவதும் இதே கூட்டம்தான். இரண்டு வைரஸ்களும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதாவது, ஆப்பிரிக்கக் குதிரை நோய் நம் ஊருக்கு வந்தால் அதைச் சுமக்கும் வண்டி இங்கே ஏற்கனவே தயாராக நிற்கிறது.

தென்னாப்பிரிக்கக் குதிரைக்காரர்கள் காரணம் தெரியாமலே பரிகாரம் கண்டிருந்தார்கள். சூரியன் சாயும் முன் லாயத்தில் அடைப்பது, கோடையில் மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போவது, முதல் உறைபனி விழும் வரை கீழே இறக்காமல் இருப்பது. நோய் வந்து பிழைத்த குதிரைக்கு அங்கே பல மடங்கு விலை. 1854-55-இல் கேப் பகுதியில் மட்டும் சுமார் 70,000 குதிரைகள் போயின. 1900-இல் லண்டனில் ஜான் மக்ஃபேடியன், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் இந்த நோய்க்கிருமி தாண்டுகிறது என்று காட்டினார். வைரஸ் என்று முதன்முதலில் இனங்காணப்பட்ட சில நோய்களில் இதுவும் ஒன்று.

ஆப்பிரிக்காவின் நோய்தானே என்று இருந்துவிட முடியாது. 1959 முதல் 1961 வரை ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள்ளும் வந்தது. இந்தப் பிராந்தியம் முழுவதுமாக மூன்று லட்சம் குதிரைகளும் கழுதைகளும் மாண்டன. 1987-இல் ஸ்பெயினுக்கு நமீபியாவிலிருந்து சஃபாரி பூங்காவுக்கு வாங்கிய வரிக்குதிரைகளுடன் வந்து இறங்கியது. வரிக்குதிரைக்கு இந்த வைரஸ் ஒன்றும் செய்யாது; சுமந்துகொண்டு திரியும். 2020 மார்ச்சில், மனிதர்கள் கொரோனாவுக்குக் கதவடைத்த அதே வாரங்களில், தாய்லாந்தின் பாக் சோங் பகுதியில் பந்தயக் குதிரைகள் வரிசையாக விழுந்தன. அங்கும் சந்தேகம் இறக்குமதி வரிக்குதிரைகள் மேல்தான். ஐந்நூறுக்கு மேற்பட்ட குதிரைகள் செத்தன. லாயங்களுக்கு மொத்தமாக வலை போர்த்தி, தென்னாப்பிரிக்காவிலிருந்து தடுப்பு மருந்து தருவித்துக் கட்டுப்படுத்தினார்கள். தாய்லாந்து நமக்குத் தொலைவு இல்லை.

உள்ளேயே ஒளிந்திருப்பவை

வெளியிலிருந்து வருவதைத் தடுக்கலாம். ஏற்கனவே உள்ளே இருப்பதை என்ன செய்வது? குதிரை ஹெர்பிஸ் வைரஸ் பெரும்பாலான குதிரைகளுக்குக் குட்டிப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. சளி பிடித்து விட்டுவிடும். வைரஸ் மட்டும் நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொள்ளும். நெடும் பயணம், புது லாயம், போட்டிக் களைப்பு என்று உடல் தளரும்போது எழுந்து வரும். நலமாகத் தெரியும் சினைக் குதிரை பத்தாம் மாதம் திடீரென்று குட்டியை வீசும். சில குதிரைகளுக்கு முதுகுத்தண்டு தாக்குண்டு பின்னங்கால் இழுத்து, நாய்போல் உட்கார்ந்துவிடும். 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் தாண்டுதல் போட்டிக்காகப் பல நாட்டுக் குதிரைகள் கூடாரங்களில் நெருக்கமாக நின்றபோது இது வெடித்தது. அங்கும் பிற நாடுகளிலுமாக 18 குதிரைகள் இறந்தன. ஐரோப்பாவின் பல நாடுகளில் போட்டிகள் வாரக்கணக்கில் நின்றன. இந்த நரம்பு வடிவத்தைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஊசி இன்னும் இல்லை.

தொற்று ரத்தசோகை இன்னும் பிடிவாதம். மனிதனின் எச்ஐவிக்கு உறவுக்கார வைரஸ். பெரிய மாட்டு ஈக்களின் வாயிலும், ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் போடும் கைகளிலும் பரவும். வந்தால் ஆயுளுக்கும் போகாது, மருந்தும் கிடையாது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், வாழ்நாள் முழுக்கத் தனியே கட்ட வேண்டும் அல்லது கருணைக்கொலை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு கணக்கு. கொசு கடித்து நோய் வந்தாலும், குதிரையின் ரத்தத்தில் வைரஸ் இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவு பெருகாது. குதிரை அங்கே குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவர்.

குதிரையிடமிருந்து மனிதனுக்கே தாவும் வைரஸும் உண்டு. 1994 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா புறநகரில் நடந்தது குதிரை மருத்துவத்தையே உலுக்கியது. டிராமா சீரிஸ் என்ற சினைக் குதிரை நோயுற்று இறந்தது. சில நாட்களில் அதே லாயத்தில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட குதிரைகள். டிராமா சீரிஸுக்குக் கையால் தீனி ஊட்டிய பயிற்சியாளர் விக் ரெயிலும் இறந்தார். அதுவரை யாரும் அறியாத அந்த வைரஸ் பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. வௌவால் தொங்கும் மரத்தடியில் குதிரை மேய்கிறது. சிறுநீரும் எச்சில் பட்ட பழமும் புல்லில் விழுகின்றன. ஹெண்ட்ரா வைரஸ் இதுவரை ஏழு மனிதர்களுக்கு வந்து நால்வரைக் கொன்றிருக்கிறது. ஏழு பேரும் குதிரையிடமிருந்து பெற்றவர்கள். 2012-இல் குதிரைக்குத் தடுப்பூசி வந்தது, குதிரையைக் காத்தால் மனிதனும் தப்புவான் என்ற கணக்கில். கோழிக்கோட்டுச் செய்திகளில் நாம் கேள்விப்பட்ட நிபா இதன் உடன்பிறப்பு. அதுவும் குதிரையை அறியும்: 2014-இல் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், நோயுற்ற குதிரைகளை அறுத்தும் உண்டும் வந்த கிராமங்களில் 17 பேருக்கு வந்தது, 9 பேர் இறந்தார்கள்.

காட்ராவும் அந்தியூரும்

இனி நம் நாடு. இங்கே குதிரை என்றால் பந்தய மைதானம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் பெரும்பாலானவை செங்கல் சூளையிலும் மலைப்பாதையிலும் கல்யாண ஊர்வலத்திலும் உழைப்பவை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3.4 லட்சம், ஏழு ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டன.

1987-இல் வட இந்தியாவில் இன்ஃப்ளூயன்சா பரவி 27,000-க்கும் மேற்பட்ட குதிரை இனங்களைத் தாக்கியது. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின், 2008 ஜூனில் மறுபடி வந்தது. தொடங்கிய இடம் ஜம்முவின் காட்ரா, வைஷ்ணோதேவி கோயிலுக்கு ஏறும் பாதையின் அடிவாரம். பல ஊர்களிலிருந்து வந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஒரே பாதையில் முட்டி மோதி, ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் இடம். அங்கிருந்து பல மாநிலங்களுக்குப் பரவி, மைசூர் வரை வந்தது. ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் காட்ராவில் எடுத்த வைரஸைக் கொண்டே தடுப்பூசியைப் புதுப்பித்தது. 2025 ஏப்ரலில் கேதார்நாத் யாத்திரை தொடங்கும் முன்பே ருத்ரபிரயாக் மாவட்டத்தில் மீண்டும் அதே காய்ச்சல். மே மாதம் யாத்திரை வழியில் கோவேறு கழுதைகள் செத்து விழ, குதிரைப் போக்குவரத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

விதிமுறை நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனால் மலைப்பாதைக் குதிரைக்காரருக்கு வருமானம் யாத்திரைக் காலத்தின் சில மாதங்கள்தான். மருத்துவர் நான்கு வாரம் ஓய்வு என்றால், அது அவர் வீட்டின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு. இருமலை மறைத்துக்கொண்டு ஏற்றத்தான் செய்வார். ஆஸ்திரேலியாவில் பணக்காரப் பொலிகுதிரைகளுக்கு வந்த நோய்க்கு அரசு நிவாரணம் கொடுத்தது. இங்கே மீரட்டில் விளையாட்டுக் குதிரைகளுக்கு உலகத்தரச் சான்று வாங்கினோம். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் காட்ராவின் குதிரைக்காரருக்கு ஓய்வுக் காலக் கூலி கொடுக்கும் வரை, நாட்டுக்கான சான்று கிடைக்கப்போவதில்லை என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு மார்வாரியும் காத்தியவாரியும் வெள்ளை நொக்ராவும் தொலைவிலிருந்து வந்து இறங்குகின்றன. சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்து வாங்குகிறார்கள். இன்னும் சில வேலைகளைச் சேர்த்துக்கொண்டால் நல்லது. வாங்கிய குதிரையைப் பழைய குதிரைகளோடு உடனே கட்டாமல் மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். அதற்கென்று தனி வாளி, தனிக் கடிவாளம். காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், 38.5-ஐத் தாண்டினால் கால்நடை மருத்துவரை அன்றே கூப்பிட வேண்டும். மூக்குச்சளி மாதிரியை முதல் சில நாட்களுக்குள் எடுத்தால்தான் வைரஸ் சிக்கும்.